பக்கத்து வீட்டுக் கதவை எத்தனை முறை தட்டலாம்? (வாசகர் கேள்வி பதில்)

"அவசரம் என்றால் நீங்கள் முதலில் யாரைத் தேடிப் போவீர்கள்?" என்று சென்ற மாதம் இந்தப் பகுதியில் கேட்டிருந்தேன். கூடலூரிலிருந்து களியக்காவிளை வரை, கேரள எல்லையின் இரு பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வந்தன. கடன் பற்றி எழுதியவர்கள் குறைவு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள், நோயாளிக்குத் துணை, இரவில் ஆஸ்பத்திரிக்கு உடன் வர ஒருவர், வேலைக்கு ஒரு வார்த்தை சொல்ல ஒருவர் என்று, விலை போட முடியாத உதவிகளைப் பற்றியே பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: நானும் என் கணவரும் மலைக்கு, ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். விடியற்காலையில் ஜீப்பில் ஏறினால் வீடு திரும்ப மாலை ஆறு மணி ஆகும். மாமியார் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். பகலில் அவரையும், பள்ளி விட்டு வரும் என் இரண்டு பிள்ளைகளையும் எதிர்வீட்டு அத்தாச்சிதான் பார்த்துக்கொள்கிறார். உறவில் அவர் எங்களுக்கு எதுவும் ஆகாது. பழக்கத்தில் அப்படி அழைக்கிறேன். போன மாதம் ஒருநாள் ஜீப் வரத் தாமதமாகி, நான் வீடு வந்து சேர இருட்டிவிட்டது. பிள்ளைகள் முன்னாலேயே, "நான் என்ன உங்க வீட்டுச் சம்பளக்காரியா?" என்று கேட்டுவிட்டார். அன்று முதல் எனக்குத் தூக்கம் இல்லை. மாதம் ஒரு தொகை கொடுத்துவிடலாம் என்கிறார் என் கணவர். கொடுத்தால் அவர் மனம் புண்படுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்? (வாசகி, கூடலூர், தேனி மாவட்டம்)

பதில்: சகோதரி, "இனிமேல் என்னால் முடியாது" என்று அத்தாச்சி சொல்லவில்லை. அவர் ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார். இரண்டு வருடமாகத் தான் செய்துவருவது உங்கள் வீட்டில் யார் கண்ணிலாவது பட்டிருக்கிறதா என்பதே அந்தக் கேள்வியின் பொருள் என்று எனக்குப் படுகிறது. ஆகவே பதில் சொல்லப் போகும் முன், அவர் செய்யும் வேலையை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பக்கவாதத்தில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்; தவறினால் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப்புண் வந்துவிடும். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் குறைந்தது ஐந்து முறை அதைச் செய்தாக வேண்டும். கஞ்சி புரையேறாதபடி தலையை உயர்த்திப் பிடித்து ஊட்ட வேண்டும், துணி மாற்ற வேண்டும், உடம்பைத் துடைத்துவிட வேண்டும். நான்கு மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். இவ்வளவையும் தன் வீட்டுச் சமையலுக்கும் துவைப்புக்கும் நடுவில் அவர் செய்கிறார். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, நம் நாட்டில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்கள். தன் வீட்டுக்கு அந்த ஐந்து மணி நேரத்தைக் கொடுத்துவிட்டு, தான் உட்கார்ந்து மூச்சுவிட வேண்டிய நேரத்தைத்தான் அத்தாச்சி உங்களுக்குக் கொடுத்திருக்கிறார்.

பணம் கொடுக்கலாமா என்பதை நீங்களும் உங்கள் கணவரும் மட்டும் பேசி முடிவுசெய்ய வேண்டாம். ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ கேட்காமல் கையில் திணித்தால், இதுவரை செய்த அத்தனைக்கும் அதுதான் விலையா என்று அவர் நினைக்கக்கூடும். நாளடைவில் உங்களுக்கும் வேலை வாங்குகிறவரின் குரல் வந்துவிடும். அதே சமயம், அவர் வீட்டிலும் கஷ்டம் இருந்தால், "நமக்குள் என்ன பணம்" என்று சொல்லிக் கொடுக்காமல் இருப்பது அன்பு ஆகாது. கூலி கொடுக்காமல் வேலை வாங்குவதற்கு உறவுமுறையைச் சாக்காகச் சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பெண்கள் செய்யும் வேலையில் அது அதிகமாகவே இருக்கிறது. எனவே நீங்களும் கணவரும் சேர்ந்தே போய், "இத்தனை நாளாக உங்கள் பாரத்தை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை, அத்தாச்சி. எப்படிச் செய்தால் உங்களுக்குச் சுலபமாக இருக்கும்?" என்று கேளுங்கள். பணம் என்று அவர் சொன்னால், கூச்சப்படாமல் தொகையைப் பேசி, மாதம் தவறாமல் குறித்த தேதியில் கொடுங்கள். வேண்டாம் என்று சொன்னால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அவருக்கு எது குறைவாக இருக்கிறது என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் உங்கள் வீட்டுப் பக்கம் வரவே வேண்டாத ஓய்வு நாளாக இருக்கட்டும். அவர் உங்கள் பிள்ளைகள் முன்னால் கேட்டார் அல்லவா, நீங்கள் நன்றி சொல்வதும் அந்தப் பிள்ளைகள் முன்னால் நடக்கட்டும்.

ஆனால் நன்றி சொன்னாலும் பணம் கொடுத்தாலும், அடிப்படைச் சிக்கல் அப்படியே இருக்கும். பத்து மணி நேரப் பாரம் முழுவதும் ஒரே வாசலில் இறங்கியிருக்கிறது. உதவி கேட்பதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் ஒருவரிடமே கேட்பதுதான் எந்த நல்ல உறவையும் முறித்துவிடுகிறது. எழுதிய தாளை மறுபடி எடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் எதிரே வேறு யாரால் முடியும் என்று எழுதுங்கள். மாமியாருக்கு மகள்கள் இருந்தால் மாதத்தில் சில நாட்கள் அவர்கள் வந்து இருக்கலாம். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளை அத்தாச்சி வீட்டுக்குப் பதிலாகத் தெருவில் பாடம் சொல்லித்தரும் வீட்டில் இருத்தலாம். உங்கள் கணவர் வாரத்தில் ஒரு நாள் மலைக்குப் போகாமல் இருந்தால் என்ன கூலி குறையும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். தாயைப் பார்த்துக்கொள்ள மகன் வீட்டில் இருப்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

அரசாங்கத்திடமிருந்து வரவேண்டியதையும் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து நோய் ஆதரவுச் சேவையும் இயன்முறை சிகிச்சையும் அளிக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரில் போய் மாமியாரின் பெயரைப் பதிவு செய்யுங்கள். வரும் செவிலியரிடம், புரட்டுவது எப்படி, தூக்குவது எப்படி என்பதை அத்தாச்சிக்கும் உங்கள் கணவருக்கும் சேர்த்துச் சொல்லித்தரக் கேளுங்கள். முறை தெரியாமல் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் வேலை செய்யும் கேரள மாநிலத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த்தணிப்பு சிகிச்சை முயற்சி, சில வருடங்களில் அக்கம்பக்கத்தாரை நம்பிய ஒரு வலையாக வளர்ந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தர முடிகிற சாதாரண மக்களுக்குப் பயிற்சி கொடுத்து, தம் ஊரில் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துவரச் செய்தார்கள். 2008-இல் கேரள அரசு அதைத் தன் கொள்கையாகவே ஏற்றது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். அங்கே ஒருவரிடம் கேட்டது இரண்டு மணி நேரம் மட்டுமே என்பதைக் கவனியுங்கள். யாரிடமும் முழு நாளைக் கேட்காததால்தான் இத்தனை வருடமாக அது நிற்கிறது. உங்கள் தெருவில் இரண்டு மணி நேரம் தரக்கூடியவர்கள் நான்கு பேர் இருக்க மாட்டார்களா? அவர்களிடம் நீங்கள் இதுவரை கேட்டதே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்று, எல்லையைத் தாண்டிப் பிழைப்பவர்களுக்கே உரியது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையின்போது குமுளிப் பாதையில் போக்குவரத்து நின்றதும், 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மீண்டும் நின்றதும் உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் இருவரும் ஒரே நாளில் மலையில் மாட்டிக்கொண்டால் இரவில் வீட்டில் யார் இருப்பார்கள் என்பதை இப்போதே பேசி வையுங்கள். அந்த ஆள் அத்தாச்சியாக இல்லாமல் இருந்தால் நல்லது.

கேள்வி: சங்கரன்கோவிலிலிருந்து புனலூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருடம் ஆகிறது. ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருக்கிறேன். மலையாளம் ஓரளவு புரியும், பேச வராது. கணவர் காலையில் போனால் இரவுதான் வருவார். தலை சுற்றினாலும் வாந்தி வந்தாலும் "அம்மாவுக்குப் போன் செய்" என்கிறார். அம்மாவிடம் பேசினால் அழுகை வருகிறதே தவிர வேறொன்றும் நடப்பதில்லை. இங்கே நான் யாரை எனக்கென்று வைத்துக்கொள்வது? (வாசகி, புனலூர்)

பதில்: மகளே, உன் அம்மாவால் போனில் ஆறுதல் சொல்ல முடியும், ஒரு தம்ளர் வெந்நீர் எடுத்துக் கொடுக்க முடியாது. உனக்கு வேண்டியது நடந்து வந்து சேரும் தூரத்தில் இருக்கும் ஆட்கள்.

முதலில் உன் கணவருக்கு ஒரு வார்த்தை. எலிசபெத் பாட் என்ற ஆய்வாளர் லண்டனில் 20 குடும்பங்களை நெருங்கிக் கவனித்து 1957-இல் எழுதினார். கணவனையும் மனைவியையும் சுற்றியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் ஒருவரையொருவர் நன்கு அறிந்து நெருங்கி வாழும் இடத்தில், ஆண் வேலை, பெண் வேலை என்று பிரித்துக்கொண்டு வாழ முடிகிறது. ஏனென்றால் பெண்ணுக்குத் தாயும் சகோதரிகளும் பக்கத்திலேயே இருந்து கைகொடுக்கிறார்கள். அந்தச் சுற்றம் சிதறிப்போன குடும்பங்களில் கணவனும் மனைவியும் வேலைகளைச் சேர்ந்து செய்கிறார்கள் என்று அவர் கண்டார். உன் கணவர் வளர்ந்த வீட்டில் அத்தையும் சித்தியும் இருந்திருப்பார்கள், அப்பா சமையலறைக்குள் வந்திருக்க மாட்டார். நீங்கள் இருவரும் இப்போது வாழும் வீட்டில் அந்தப் பெண்கள் இல்லை. அவர்கள் செய்த வேலையில் பாதியை அவர்தான் செய்ய வேண்டும். இந்தப் பத்தியை அவரிடம் காட்டு.

அடுத்தது அக்கம்பக்கம். உன் வட்டாரத்து ஆஷா பணியாளர் யார் என்று அங்கன்வாடியில் கேள். கர்ப்பிணிகளைத் தேடி வந்து பார்ப்பது அவர்களுடைய பணி. கேரளத்தில் குடும்பஸ்ரீ 1998-இல் தொடங்கியது. அதன் அடித்தளம் பத்து முதல் இருபது பெண்கள் கூடும் அயல்கூட்டம். பெயரே அண்டைவீட்டார் கூட்டம் என்று பொருள்படும். சேமிப்பும் சிறு கடனும் அதன் வேலை என்றாலும், உனக்கு அது தரப்போவது வாரம் ஒருமுறை உன் முகத்தைப் பார்க்கும் பத்துப் பெண்களை. மொழி வரவில்லையே என்று தயங்காதே. தப்பும் தவறுமாகப் பேசும் கர்ப்பிணிப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிறவர்களைவிட, அவளுக்குச் சொல் எடுத்துக் கொடுக்கிறவர்கள்தான் அதிகம்.

எடுத்த எடுப்பில் பெரிய உதவி கேட்காதே. கறிவேப்பிலை கேள், ஆட்டோக்காரரின் எண் கேள், எந்தக் கடையில் நல்ல மீன் கிடைக்கும் என்று கேள். சின்னதாக ஒன்றைக் கேட்டால் எதிர்வீட்டுச் சேச்சிக்கும் உன்னிடம் ஒன்று கேட்க வாய் வரும். அவர் கொடுத்த பாத்திரத்தைச் சும்மா திருப்பிக் கொடுக்காமல் நம் ஊர்ப் புளியோதரையையோ அதிரசத்தையோ வைத்துக் கொடு. நான் சிறுமியாக இருந்தபோது பீர்மேட்டுப் பக்கம் ஒரு தோட்ட லயத்தில் சில காலம் இருந்தோம். அடுத்த வீட்டு மலையாளி அம்மாவுக்கும் என் தாய்க்கும் இடையே ஒரே ஒரு தூக்குவாளி பல மாதங்கள் போய் வந்துகொண்டிருந்தது. ஒருநாளும் அது காலியாக வந்து நான் பார்த்ததில்லை. என் தம்பி பிறந்த இரவில் என் தாயின் கையைப் பிடித்திருந்தவர் அந்த அம்மாதான்.

பிரசவத்துக்குத் தாய்வீடு போவதாக இருந்தால் ஒரு காரியத்தை இப்போதே முடித்துவிடு. தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்து பெறும் பிக்மி எண்ணைப் பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள். கேரளத்தில் பதிவு செய்த அட்டையை அம்மாவிடம் கொடுத்து, சங்கரன்கோவிலில் கிராம சுகாதார செவிலியரைப் பார்க்கச் சொல். அம்மாவையும் ஒருமுறை வரச்சொல். 2018-இல் அகலப்பாதையாக முழுவதும் திறந்த செங்கோட்டை வழி ரயில் இருக்கிறது. அவர் வந்து உன் அயல்வீட்டாரிடம் நான்கு வார்த்தை பேசிவிட்டுப் போனால், அவர்களுக்கும் உன்னிடம் உரிமை வரும்.

கேள்வி: எங்கள் தெருவில் 20 பேர் சேர்ந்து மாதம் 5,000 ரூபாய் வீதம் குறி (சீட்டு) கட்டுகிறோம். நடத்துவது பக்கத்து வீட்டு அக்கா. ரசீது இல்லை, எல்லாம் அவருடைய நோட்டில்தான். 12 மாதம் முடிந்துவிட்டது; நான் இன்னும் எடுக்கவில்லை. இப்போது அவருடைய கணவருக்கு உடம்பு சரியில்லாததால் தெருவில் ஏதேதோ பேசுகிறார்கள். கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பாரே என்று இருக்கிறது. (வாசகர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: தெருவில் பேசுவதைவிட அவரிடம் கேட்பதுதான் மரியாதை. வதந்தி பரவி எல்லோரும் ஒரே மாதத்தில் கட்டுவதை நிறுத்தினால், குறி அன்றோடு படுத்துவிடும். ஏற்கெனவே எடுத்தவர்களுக்கு நட்டம் இல்லை, உங்களைப் போல் எடுக்காமல் காத்திருக்கும் எட்டுப் பேருக்குத்தான் நட்டம். அக்காவின் மேல் சந்தேகமே வேண்டியதில்லை. அவர் நேர்மையானவராகவே இருந்தாலும், நாளைக்கு அவரும் ஆஸ்பத்திரியில் இருக்க நேர்ந்தால் அந்த நோட்டை யார் படித்துச் சொல்வது?

இருபது பேரும் அவர் வீட்டிலேயே கூடுங்கள். கணவரின் உடல்நிலையை முதலில் விசாரித்துவிட்டு, "அக்கா, உங்கள் பாரத்தைக் கொஞ்சம் நாங்களும் எடுத்துக்கொள்கிறோம்" என்று தொடங்குங்கள். யார் எத்தனை மாதம் கட்டினார்கள், யார் எடுத்தார்கள், தள்ளு (எடுத்தவர் விட்டுக்கொடுத்த தொகை) எவ்வளவு என்பதை ஒரு நகல் நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். எடுத்தவர்கள் மீதித் தவணைக்கு எழுதிக் கொடுக்கட்டும். மீதமுள்ள எட்டு மாதங்களுக்கும் பணம் வங்கிக் கணக்கு வழியாகவே போகட்டும். வசூலை அக்காவுடன் இன்னொருவரும் சேர்ந்து பார்க்கட்டும்.

அதன்பிறகு இந்த முறையில் புதிய குறி தொடங்காதீர்கள். 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம், முன் அனுமதியும் பதிவும் இல்லாமல் சீட்டு நடத்துவதைக் குற்றமாக வைத்திருக்கிறது. கேரளத்தில் 2012 முதல் அந்தச் சட்டம்தான் நடைமுறையில் இருக்கிறது. வழக்கு என்று வந்தால் அதில் சிக்கப்போவது உங்கள் அக்கா என்பதையும் எண்ணிப் பாருங்கள். தனிநபர் ஒருவர் பதிவு செய்து 3 லட்சம் ரூபாய் வரை சீட்டு நடத்தலாம், தரகாக 7 சதவீதம் வரை எடுக்கலாம் என்று 2019-ஆம் ஆண்டின் திருத்தம் சொல்கிறது. அது சிரமம் என்றால், 1969 முதல் இயங்கிவரும் கேரள அரசின் கே.எஸ்.எஃப்.இ. நிறுவனத்தின் 'சிட்டி' என்ற சீட்டில் தெருக்காரர்கள் சேர்ந்தே சேரலாம்.

கேள்வி: அப்பா காலமாகி ஒரு வருடம் ஆகிறது. கம்பத்தில் அவர் விட்டுச்சென்ற மொய் நோட்டில் முந்நூறுக்கு மேற்பட்ட பெயர்கள். நான் குமுளியில் சிறிய கடை வைத்திருக்கிறேன். ஆவணி, தை என்றால் பத்திரிகையாக வந்து குவிகிறது. எல்லோருக்கும் செய்ய வேண்டுமா? (வாசகர், குமுளி)

பதில்: அந்த நோட்டில் இரண்டு வகைப் பெயர்கள் இருக்கும். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்து செய்தவர்கள், அவர்களுக்கு அப்பா திருப்பிச் செய்யாமல் விட்டுப்போனது ஒரு வகை. அது வாங்கிய தொகை, கணக்குப்படி கொடுத்துத் தீர்க்க வேண்டியதுதான். அப்பா செய்து, அவர்கள் இன்னும் திருப்பாதது இன்னொரு வகை. அங்கே நீங்கள் புது மொய்யை ஏற்றிக்கொண்டே போக வேண்டிய கட்டாயம் இல்லை.

மொய் ஒரு நல்ல ஏற்பாடு என்று நம்புகிறவள் நான். முந்நூறு பேர் ஆளுக்கு ஐந்நூறு வைத்தால் ஒரு கல்யாணம் வட்டிக்கு வாங்காமல் நடந்துவிடுகிறது. யாருக்கும் அது பாரமாவதில்லை. புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே வைக்கிறார்கள். கேரளத்தில் வடகரை, நாதாபுரம் பக்கம் பணப்பயற்று என்ற பெயரில் கிட்டத்தட்ட அதே வழக்கம், அதே போன்ற நோட்டுடன் இருக்கிறது. ஆனால் மொய் வைப்பதற்காக மீட்டர் வட்டிக்கு வாங்குகிறவர்களை நம் பக்கத்தில் பார்க்கிறேன். கைகொடுக்க வந்த வழக்கமே கழுத்தை நெரிக்கும் இடம் அது. உங்கள் சக்திக்கு மேல் போகாதீர்கள். தொகை குறைந்தாலும் நேரில் போங்கள். போகாமல் கெட்டது உறவு என்றுதான் பழமொழி. தொலைவில் இருப்பவர்கள் வீட்டுத் துக்கத்துக்கு மட்டும் தவறாதீர்கள். கல்யாணத்துக்கு வராதவரை மறந்துவிடுவார்கள், சாவுக்கு வந்தவரை மறக்க மாட்டார்கள்.

கேள்வி: மகன் ஐ.டி.ஐ. முடித்து இரண்டு வருடம் ஆகிறது. கோயம்புத்தூரிலும் பாலக்காட்டிலும் நல்ல நிலையில் உள்ள நெருங்கிய சொந்தங்கள் நிறைய இருந்தும் ஒருவராலும் வேலை வாங்கித்தர முடியவில்லை. அவர்களுக்கு மனம் இல்லையா? (வாசகி, சித்தூர், பாலக்காடு மாவட்டம்)

பதில்: மனம் இருக்கும், தகவல் இருக்காது. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், தெரிந்தவர்கள் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டு, 1973-இல் அதன் விவரத்தை வெளியிட்டார். அடிக்கடி சந்திப்பவர் மூலம் வேலை பெற்றவர்கள் 100-க்கு 17 பேர் கூட இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கிற, அரிதாகவே பார்க்கிற ஒருவர்தான் செய்தி சொல்லியிருந்தார். காரணம் எளிது. உங்கள் அண்ணனுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரியும். நீங்கள் எல்லோரும் ஒரே வட்டத்துக்குள் இருக்கிறீர்கள். மகனுடன் ஐ.டி.ஐ.யில் படித்து இப்போது கஞ்சிக்கோட்டிலோ குறிச்சியிலோ தொழிற்சாலைக்குப் போகும் பையன்களையும், அவனுக்குப் பயிற்சி அளித்த ஆசிரியரையும், முன்பு உங்கள் தெருவில் குடியிருந்து மாறிப்போனவர்களையும் அவனே நேரில் போய்ப் பார்க்கட்டும். சொந்தக்காரர்களிடம் மனத்தாங்கல் வேண்டாம். அவன் வெளியூரில் வேலைக்குச் சேர்ந்தால் முதல் மாதம் தங்க இடம் கொடுக்கப்போவது அவர்கள்தான்.

கேள்வி: எனக்கு 71 வயது, கணவருக்கு 76. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 86 பேர் இருக்கிறோம். கணவர் குளியலறையில் விழுந்த அன்று குழுவில் எழுதினேன். ஐந்து நிமிடத்தில் நாற்பது பேர் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். தூக்கிவிட ஒருவரும் வரவில்லை. (வாசகி, களியக்காவிளை)

பதில்: அம்மா, படித்ததும் மனம் கனத்தது. அந்த நாற்பது பேரும் உங்கள் மேல் அன்பில்லாதவர்கள் அல்லர். நாற்பது பேர் பார்க்கும் இடத்தில் "யாராவது போயிருப்பார்கள்" என்று ஒவ்வொருவரும் நினைத்துவிடுகிறார்கள். குழு செய்தி சொல்லத்தான் உதவும். விழுந்தவரைத் தூக்க, பெயர் சொல்லி அழைக்கக்கூடிய மூன்று பேர் வேண்டும். ஐந்து நிமிடத்தில் நடந்து வந்துவிடும் தூரத்தில் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது இளவட்டமாக இருக்கட்டும். வீட்டு மாற்றுச் சாவி ஒன்று அவர்களில் ஒருவரிடம் இருக்கட்டும். அந்த மூன்று எண்களையும், ஆம்புலன்ஸுக்கு 108, காவல் உள்ளிட்ட அவசரங்களுக்கு 112, முதியோர் உதவிக்கு 14567 ஆகியவற்றையும் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்திலும் குளியலறைக் கதவுக்கு வெளியிலும் ஒட்டிவையுங்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்களுக்குத் தினமும் போன் செய்வதோடு, அந்த மூன்று வீட்டாருக்கும் மாதம் ஒருமுறையாவது அவர்களே அழைத்துப் பேச வேண்டும். ஊருக்கு வரும்போது உங்கள் வீட்டுக்கு வந்த அன்றே அந்த வீடுகளுக்கும் போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் உங்கள் மகனின் எண் இருக்கிறதா என்று இன்றே கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு தாளில் எழுதி, கணவரையும் மெல்ல அழைத்துக்கொண்டு போய், நேரில் கொடுத்துவிட்டு வாருங்கள்.